இல்லாத காகிதங்களின் பட்டியல்

காளையார்கோவில் பக்கம் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழில் முடித்து, இருபத்தாறு வருஷமாக வளைகுடாவில் கிடக்கும் உடையப்பனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் திறப்பது, உள்ளே இருப்பதை எண்ணுவது, பட்டியலோடு சரிபார்ப்பது. சவூதியில், ஜுபைலில் பதினெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பைப், வால்வு, நட்டு, போல்ட்டு என்று எது வந்தாலும் பெட்டிக்குள் மேலாக ஒரு பேக்கிங் லிஸ்ட் இருக்கும். லிஸ்டில் உள்ளது பெட்டியில் இருந்தால் ஸ்டோர் கீப்பர் யோக்கியன். இல்லாவிட்டால் திருடன். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை மனிதன் அந்த உலகத்தில் கிடையாது.

இப்போது துபாயில், அல் கூஸ் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டியூட்டி. கராமாவில் ஆறு பேர் இருக்கும் ரூமில் ஒரு கட்டில், காலையில் மெட்ரோ, அதற்கு மேல் ஒரு பஸ். நிலையத்தின் முதலாளி வயதான அரபி. வளைகுடாவைப் பற்றி வெளிநாட்டுக்காரன் என்னென்ன எழுதி வைத்திருக்கிறான் என்று தேடித் தேடிச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். சிலருக்கு ராஜாளி, சிலருக்கு ஒட்டகம், இவருக்குக் காகிதம். போன வருஷம் அமெரிக்காவிலிருந்து நாற்பது பெட்டி வந்து இறங்கியது. எழுபதுகளின் கடைசியில், கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்த காலத்து அலுவலகக் காகிதங்களின் நகல்கள். யாருக்கு என்ன தந்தி போனது, யார் யாரை எத்தனை மணிக்குப் பார்த்தார், எண்ணெய் விஷயம் என்ன ஆயிற்று என்று எல்லாம் கட்டுக் கட்டாக. உடையப்பன் பெட்டியைத் திறந்து, கிளிப்பைப் பிடுங்கி, ஃபைலுக்கு எண் போட்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பார். கீழக்கரைக்காரன் முகம்மது ஆசிக் அதை ஸ்கேன் செய்வான்.

அமெரிக்க ஜனாதிபதி யாரைப் பார்த்தால் நமக்கென்ன என்றுதான் உடையப்பன் இருந்தார். அவருக்கு வேறு கவலை. மனைவி சரசுவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மதுரையில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மகள் ராதிகா, ‘நான் தர்றேம்மா’ என்றாள். கைக்குழந்தைக்காரியிடம் வாங்கமாட்டேன் என்று சரசு ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கடைசியில் உடையப்பனுடையது பொருந்தியது. அடுத்த திங்கட்கிழமை மதுரையில், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி முன்னால் இரண்டு பேரும் நேரில் நிற்க வேண்டும். அந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும், ‘தள்ளிப் போடாதீங்க’ என்றார். வியாழக்கிழமை ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

லீவில் போகிற ஸ்டோர் கீப்பர் சரக்கைச் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். இங்கே யாரும் கேட்கவில்லைதான். கை சும்மா இருக்குமா? இந்த வாரம் திங்கட்கிழமை காலையில் பதினெட்டாவது பெட்டியைத் திறந்தார். முதல் ஃபைலில் மேலாக ஒரு தாள். முந்தைய பெட்டிகளிலும் இருந்ததுதான், எண் போடும் அவசரத்தில் நின்று பார்த்ததில்லை. கட்டம் கட்டமாகப் போட்டு, தேதி, என்ன காகிதம், யார் யாருக்கு எழுதியது, கடைசிக் கட்டத்தில் ஏ அல்லது சி. தலைப்பு இருந்த இடம் நகல் எடுத்ததில் கறுத்துக் கிடந்தது. தலைப்பு எதற்கு? மேலாக இருக்கிறது, வரிசையாக இருக்கிறது, பேக்கிங் லிஸ்ட் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஏ என்றால் நல்ல சரக்கு, சி என்றால் கழிசல். ஜுபைலிலும் அப்படித்தான்.

லிஸ்டில் ஒன்பது காகிதம் இருந்தது. ஃபைலைப் புரட்டினார். ஒன்பதில் ஒன்றுகூட இல்லை.

மறுபடியும் புரட்டினார். முப்பத்திரண்டு காகிதம் இருக்கிறது, அதில் ஒன்றுகூட லிஸ்டில் இல்லை. அடுத்த ஃபைல். அங்கேயும் அதே கதை. லிஸ்டில் இருப்பது உள்ளே இல்லை, உள்ளே இருப்பது லிஸ்டில் இல்லை. உடையப்பனுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏசி ஓடுகிற அறையில் வேர்த்தது. ஏற்கெனவே முடிந்துபோன பெட்டிகளைப் போய்த் திறந்தார். மதியச் சாப்பாட்டை மறந்தார். சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு காகிதத்தைக் காணோம். எல்லாப் பெட்டிக்கும் பதிவேட்டில் இருப்பது அவருடைய கையெழுத்து.

ஒன்று இரண்டு காணாமல் போனால் கவனக்குறைவு என்று சொல்லலாம். இது அப்படியா? எவனோ லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறான். ஒரு தாள் பிசகவில்லை. இப்படி ஒரு சுத்தமான திருட்டை ஜுபைலில்கூட அவர் பார்த்ததில்லை. அதோடு கண்டது எல்லாவற்றையும் உள்ளே போட்டு நிரப்பியிருக்கிறானே, அது எதற்கு? தலை சுற்றியது. டாய்லெட் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டுதான்.

செவ்வாய்க்கிழமை ஆசிக்கை ஓரம் கட்டினார்.

"தம்பி, கோவிச்சுக்காத. ஸ்கேன் பண்ண எடுத்துட்டுப் போற காகிதமெல்லாம் திரும்பி வருதா?"

"வராம எங்கண்ணே போவும்? நான் பட்டன் அமுக்குறவன். எனக்கு எதுக்கு அமெரிக்காக்காரன் காகிதம்?"

"ஏ போட்ட காகிதம் எதாச்சும் உன் கண்ணுல பட்டுச்சா?"

"என்னண்ணே ஏ, பி? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆசிக் முகம் சுருங்கிப்போனது. அன்று டீயை அவன் தனியாகப் போய்க் குடித்தான். உடையப்பன் கிளீனர் நேபாளியை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் நின்ற காகிதம் கிழிக்கும் மிஷினையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சரசு நினைப்பிலேயே வேலை பார்த்தோமே, பிடுங்கிய கிளிப்போடு காகிதத்தையும் குப்பையில் போட்டுவிட்டோமோ?

அட மனுஷா, மேலதிகாரியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்கமாட்டார். ஏனென்றால் ஜுபைலில் கேட்டுப் பார்த்தவர் அவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் பதினான்கு வால்வு குறைந்தது. உடையப்பனே போய், ‘குறையுது, என்னன்னு பாருங்க’ என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. நான் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, ஏழு மாதம் ஊருக்கு விடவில்லை. கேம்ப்பில் சோறும் தூக்கமுமாகக் கிடந்தார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். எடுத்தது நான்தான் என்று எழுதியிருந்ததாம். மூன்றாம் நாள் ‘கலாஸ்’, கணக்குத் தீர்ந்தது என்று ஃப்ளைட் ஏற்றிவிட்டார்கள். ஜுபைல் அத்தோடு முடிந்தது. அவர் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: இல்லை என்றால் பிடித்து வைப்பான், ஆமாம் என்றால் விட்டுவிடுவான்.

அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அழகான கையெழுத்தில், தமிழில் எழுதினார். பதினெட்டுப் பெட்டிகளில் அமெரிக்க அரசாங்கத்தாரின் நானூற்றுப் பன்னிரண்டு காகிதங்கள் குறைவதற்கு நானே முழுப் பொறுப்பு என்றும், ஆசிக் நல்ல பிள்ளை, அவனை ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும், என்ன தண்டனையானாலும் லீவு முடிந்து வந்து ஏற்றுக்கொள்வதாகவும், வியாழக்கிழமை மட்டும் தன்னைத் தடுக்க வேண்டாம் என்றும். எழுதி முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேலதிகாரி ஹாலிதா அபுதாபி போயிருந்து புதன்கிழமைதான் திரும்பினாள். முப்பது வயதுக்காரி. காயல்பட்டினத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் துபாய். பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் படிப்பை லண்டனில் படித்தவள். தமிழ் பேசுவாள். எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட வராது. இது உடையப்பனுக்குத் தெரியாது. கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"அங்கிள், சாரி, எனக்குத் தமிழ் ரீட் பண்ண வராது. ஆசிக், கொஞ்சம் வாசிங்களேன்."

யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ அவனே வாசிக்க வந்து நின்றான். முதல் இரண்டு வரியைக் கடகடவென்று வாசித்தான். தன் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டான்.

"என்னாச்சு? கண்டின்யூ பண்ணுங்க."

"முகம்மது ஆசிக் நல்ல பிள்ளை, அவனை ஒன்றும் கேட்க வேண்டாம்னு எழுதியிருக்காரு மேடம்." அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்து உடையப்பனைப் பார்த்தான். "நேத்து என்னையக் கேட்டாரு. நான்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன்."

ஹாலிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நானூற்றுப் பன்னிரண்டு என்று கேட்டாள். உடையப்பன் ஓடிப்போய்ப் பதினெட்டாவது பெட்டியின் முதல் ஃபைலைக் கொண்டுவந்து விரித்து, மேலாக இருந்த தாளைக் காட்டினார். அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், இது உள்ள இருக்கிற பேப்பரோட லிஸ்ட் இல்ல. இல்லாத பேப்பரோட லிஸ்ட்."

"அதான் மேடம் நானும் சொல்றேன். இல்ல."

"நோ, நோ. கேளுங்க. இதெல்லாம் வெளிய காட்டக் கூடாத பேப்பர்ஸ். அமெரிக்காவுலயே இதை எல்லாம் வெளிய எடுத்துட்டாங்க. எடுத்த எடத்துல, என்னென்ன எடுத்தோம்னு ஒரு ஷீட் எழுதி வச்சுடுவாங்க. அதைத்தான் காப்பி பண்ணி நமக்கு அனுப்பியிருக்காங்க. ஏ போட்டா நாட்டு ரகசியம். சி போட்டா யாரோ ஒருத்தரோட சொந்த விஷயம்."

உடையப்பன் தாளைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"எடுத்தவனே, இன்ன தேதிக் காகிதம், இன்னாரு எழுதுனது, நான் எடுத்துட்டேன்னு எழுதி வச்சுட்டுப் போவானா?"

"ஆமா."

"இப்ப அது எங்க இருக்கு?"

"அவங்ககிட்டதான்."

"அப்ப அவன் மேல கேஸ் கிடையாதா?"

ஆசிக் சிரித்துவிட்டான். ஹாலிதாவும் சிரித்தாள். உடையப்பனும் சேர்ந்து சிரித்தார், ஆனால் உள்ளே குழப்பம் தீரவில்லை. ரகசியம் என்றால் மூச்சு விடாமல் மறைக்க வேண்டாமா? மறைத்ததற்கு ஒரு பட்டியல் போட்டு, தேதி போட்டு, கடல் தாண்டி அனுப்புவானா ஒருத்தன்? இருபத்தாறு வருஷ சர்வீசில் இல்லாததற்கு லிஸ்ட் எழுதிய கம்பெனியை அவர் கண்டதில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், அங்கிள்" என்றாள் ஹாலிதா. சிரிப்பு போய்விட்டிருந்தது. "நீங்க எடுக்கல. உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் பொறுப்புன்னு எழுதுனீங்க?"

"வியாழக்கிழமை ஃப்ளைட் மேடம்."

அவள் ஆசிக்கிடமிருந்து கடிதத்தை வாங்கி, மடித்து அவர் கையில் கொடுத்தாள். இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டுங்கள் என்றாள்.

மதியம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே சரசுவுக்கு போன் போட்டார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல், ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வேடிக்கைக் கதை மாதிரி சொன்னார். ஏ, சி என்று சொன்ன இடத்தில் தானே சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லை.

"சரசு, கேக்குதா?"

"கேக்குது. செய்யாத தப்புக்கு மறுபடியும் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஊருக்கு வரணும்ல."

"ஜுபைல்லயும் இதத்தான் சொன்னீங்க. எடுக்காதவன் எதுக்குக் கையெழுத்துப் போட்டான்னு எங்க அண்ணன் கேட்டப்ப, எனக்குப் பதில் சொல்ல வாயி வரல. எட்டு வருஷமாச்சு. இன்னும் வரல." மூச்சு வாங்கினாள். "என்னங்க, ஒண்ணு கேக்குறேன். மழுப்பாமச் சொல்லுங்க. கிட்னி தர்றேன்னு பாரத்துல போட்டீங்களே ஒரு கையெழுத்து, அதுவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"புருசன்னு இருக்கோம், நாலு பேரு என்ன சொல்லுவாங்க, போட்டுட்டா பிரச்சனை முடிஞ்சுச்சுன்னு. அப்படின்னா எனக்கு வேண்டாம். நெசமாவே வேண்டாம். கமிட்டியில கேட்டா நானே சொல்லிருவேன்."

பஸ் வந்து நின்றது. உடையப்பன் ஏறவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், உனக்கு இது சம்மதமா என்று ஒருத்தர் கேட்பது அவருக்குப் புதிது. பொசுக்கென்று ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வந்தது. அந்த ஆமாமை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்ததும் நாக்கு நின்றுவிட்டது. பஸ் கதவை மூடிக்கொண்டு போயிற்று.

"ஜுபைல்ல வாசிக்கலடி" என்றார். "நேத்து எழுதுனதும் பயத்துல எழுதுனது. ஆனா அந்தப் பாரம் பதினோரு பக்கம். என்னென்ன ஆபத்து வரலாம்னு ஏழாவது பக்கத்துல போட்டிருந்தான். அதை மட்டும் நாலு தடவை வாசிச்சேன். மூணு நாளு போடாம வச்சிருந்தேன். உன்கிட்ட ஆசுபத்திரிக்காரன்தான் லேட்டாக்குறான்னு பொய் சொன்னேன். அப்புறம் பயந்துக்கிட்டேதான் போட்டேன். யாரும் போடச் சொல்லல, சரசு. நானாத்தான் போட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பயமா இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் சரசு. "நான் மட்டும்தான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்னு நெனச்சேன்."