லிஃப்ட்காரர் தீவுக்குத் திட்டம் போடுகிறார்

சாப்பாட்டு மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் லிஃப்ட்காரர் வரைபடத்தை விரித்துவிடுகிறார். ஒரு மூலையில் உப்பு ஜாடி, இன்னொரு மூலையில் மாமியாரின் மூட்டுவலித் தைலம், மற்ற இரண்டுக்கும் ஸ்பானர். நடுவில் நீலக் கடல். கடலில் ஈ உட்கார்ந்தது போல ஒரு தீவு. கரையிலிருந்து படகில் முப்பத்தைந்து நிமிடம். மூன்று வருடமாக அவர் அங்கே போய்க்கொண்டிருக்கிறார். இன்னும் மேஜையைத் தாண்டவில்லை.

வயது ஐம்பத்து நான்கு. பதினான்கு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கயிற்றைச் சோதிக்கிற ஆள். கீழே இருட்டுக் குழி அதன் பாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கும், இவர் சீட்டியடிப்பார். தொழில் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டிலில் நான்கு பேர் உட்கார்ந்தால் "ஓவர்லோடு, ஒருத்தர் எறங்குங்க" என்பார். "நம்ம கையில என்ன இருக்கு? எல்லாம் மேல இருக்கிற கயிறு" என்று அவர் பெருமூச்சு விடும்போது, புதிதாகக் கேட்பவர்கள் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சொல்வது எஃகுக் கயிற்றை.

முதல் வருடத் திட்டத்தில், படகு தாங்குமா என்று பார்க்க வீட்டிலுள்ளவர்களை எடை போட்டார். மனைவி ஏறினாள், மகள் ஏறினாள். மாமியார் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார். "நான் என்ன வெங்காய மூட்டையா, மாப்பிள்ளை? என் எடை என்னைப் படைச்சவனுக்குத் தெரிஞ்சாப் போதும்." கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல், லிஃப்ட்காரர் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதினார். அந்தத் தாளை மாமியார் பார்த்துவிட்டார். அப்புறம் ஒரு வாரம் இருவருக்கும் நடுவில் மனைவிதான் மொழிபெயர்ப்பாளர். கிளம்பவேண்டிய நாளில் "காத்து பலமா இருக்கு" என்று பயணம் ரத்தானது. அன்றைக்கு ஜன்னல் திரைகூட அசையவில்லை.

இரண்டாம் வருடம் விடுதியில் முட்டிக்கொண்டது. தீவில் இருப்பதே ஐந்து அறை கொண்ட ஒரே விடுதி. அதை நடத்தும் அம்மாளுக்குப் பதினேழு தடவை போன் போட்டார். ஜன்னல் உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? ஜெனரேட்டருக்கு என்ன வயது? "தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டபோது அந்த அம்மாள், "தீவு சார் இது. எந்தப் பக்கம் போனாலும் தண்ணிதான்" என்றார். பதினெட்டாவது தடவை இவர் வாயைத் திறப்பதற்குள் "ரூம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் வருடம் பழி மாமியாரின் முழங்காலில் விழுந்தது. அந்த முழங்காலோடுதான் அன்று காலை அவர் இரண்டு மாடி ஏறித் துணி காயப்போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இவரு திட்டம் போடப் போட அந்தத் தீவு தள்ளித் தள்ளிப் போகுது" என்றாள், தையல் வேலை செய்யும் மனைவி, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே.

மகள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருட ஒப்பந்தம், அடுத்த மாதம் விமானம். ஒரு சாயங்காலம் அவள் வரைபடத்தை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, சனிக்கிழமை போறோம். ரூம் போட்டாச்சு. உங்க பேரச் சொல்லல, அதான் கெடச்சுது."

"காத்து..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர்.

"காத்தும் வரட்டும். நீங்க வரலன்னா நாங்க மூணு பேர் போறோம்."

சனிக்கிழமை படகுத்துறைக்கு வந்துதான் சேர்ந்தார். மரப்படகு படிக்கட்டில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. மாமியார்தான் முதலில் ஏறினார். பின்னால் மனைவி. லிஃப்ட்காரர் கடைசிப் படியில் நின்றார். படிக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் பச்சைத் தண்ணீர். ஆகாயத்தில் வேலை பார்க்கிறவருக்கு அந்த ஒரு முழத்தைத் தாண்டக் கால் வரவில்லை.

"ஏறுறீங்களா, வழியனுப்ப வந்தீங்களா?" என்றார் படகோட்டி.

லிஃப்ட்காரர் படகைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். வெறும் வானம்.

"இத எது பிடிச்சிருக்கு?"

"எத?"

"படக."

"தண்ணிதான்."

"சரி, தண்ணிய எது பிடிச்சிருக்கு?"

முப்பது வருடத் தொழிலில் படகோட்டிக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை. அவரும் ஒரு நிமிடம் தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்தார். படகுக்குள்ளிருந்து மாமியார் கெக்கெக்கென்று சிரித்தார்.

பக்கத்தில் நின்ற மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. காற்று, ஜெனரேட்டர், முழங்கால் எல்லாமே இந்த ஒரு முழம்தான்.

"பயமா இருக்குடா" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. மகளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தாம்பா. அடுத்த மாசத்த நெனச்சா தூக்கமே வர மாட்டேங்குது."

"அப்போ ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காரக் கூடாது. எடை சரிஞ்சிடும்" என்றார் லிஃப்ட்காரர். கண்ணை மூடிக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தாண்டினார். அந்த விரல் தடம் மறுநாளும் அவள் கையில் இருந்தது. முப்பத்தைந்து நிமிடமும் இருக்கைப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ படகை அவர்தான் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

தீவு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு தெரு, ஒரு கடை, எட்டு ஆடு. இரண்டு நாளைக்கு அவர் எழுதி வந்திருந்த அறுபத்தோரு காரியங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துபோயின. வாசலில் குரலைக் கேட்டவுடனே விடுதி அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். "ஜெனரேட்டர் சாரா? வாங்க, நேர்லயே பாத்துக்குங்க." பார்த்தார், பிரித்தார், சாயங்காலத்துக்குள் மறுபடி பூட்டியும் கொடுத்துவிட்டார். மறுநாள் பேன்ட்டை மடித்துவிட்டு முழங்கால் ஆழம்வரை கடலில் இறங்கினார். "இதான் தரைத்தளம். இதுக்குக் கீழ நான் வர்றதில்ல" என்று அறிவித்தார்.

திரும்பும்போது படகில் கூட்டம். எடை சரிந்தாலும் பரவாயில்லை என்று மகள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாதிக் கடலில் அவர் தோளில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிப்போனாள். படகு எகிறிக் குதிக்க, உப்புத் தண்ணீர் சாரலடித்தது. லிஃப்ட்காரர் பலகையிலிருந்து வலது கையை எடுத்தார். இரண்டு விரலால் மகளின் தாடையை மெல்ல ஏந்தி வாயை மூடிவிட்டு, கரை வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.