சாம்பாரும் சாட்சிப் பொருளும்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக்கடைத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். எனக்குச் சமையல் தெரியாது. நடுவர் விசாரணையின் விதிகள் மட்டும் தலைகீழ்ப் பாடம். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

ஒரு கடையில் சமையல் மாஸ்டரின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். சாம்பாரில் ஒரு நாள் உப்பு தூக்கல், மறுநாள் உப்பே இல்லை. "எறக்குறதுக்கு முன்னால ஒரு வாய் ருசி பாரு" என்று முதலாளி சொல்ல, "சாமிக்குப் படைக்காம எச்சி பண்ண மாட்டேன்" என்று இவர் மறுக்க, சொல்பேச்சு கேட்காதவர் என்பது குற்றச்சாட்டு. மாஸ்டர் படுப்பது கடை மாடியில். வேலை போனால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

வழக்கு நடுவரிடம் போனது. நடுவர் சீனர், பொறுமைசாலி. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது, எதையும் தன்னைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று முதலிலேயே அறிவித்தார். அதனால் இருவரும் ஒருவரையொருவர் திட்ட வேண்டியதையெல்லாம் அவரைப் பார்த்தே திட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நடுவரும், பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்று காலை என் வீட்டு அடுப்பில் மாஸ்டர் வைத்த சாம்பாரைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோயிருந்தேன். சாட்சிப் பொருளை முதலில் எதிர்த்தரப்பு சோதிக்க வேண்டும் என்பது விதி. கரண்டியை முதலாளியிடம் நீட்டினேன்.

வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். சுவரைச் சுற்றிலும் பார்த்தார். சாமி படம் இல்லை, கடிகாரம்தான் இருந்தது. அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, மேசையிலிருந்த தண்ணீரை விரலில் தொட்டுக் கரண்டியைச் சுற்றினார்.

இவர் என்ன செய்கிறார் என்று நடுவர் கேட்டார்.

"படைக்காம எப்படிங்க வாயில வைக்கிறது?" என்றார் முதலாளி.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "அதத்தானே நானும் சொன்னேன் லா!"

அவர் முறை வரவில்லை, உட்காரச் சொல்லுங்கள் என்று அதட்டிய நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு முதலாளி ருசி பார்த்தார். நடுவரும் பார்த்தார். இருவரும் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் தீர்ப்பு எங்கள் பக்கம். மாஸ்டருக்கு வேலை உண்டு. சாமிக்குப் படைத்த பிறகு, பரிமாறும் முன், முதலாளியே ருசி பார்த்து உப்பைச் சரிசெய்ய வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி அடுப்படியில் வியர்த்து வழிந்தபடி, ஒரு வாய் குடிப்பதும் தலையில் அடித்துக்கொள்வதும் உப்பை அள்ளுவதுமாக இருந்தார். மாஸ்டர் பக்கத்தில் கைகட்டி நின்று, ருசி பார்க்காமலே, "இன்னும் ஒரு கை போடுங்க முதலாளி" என்றார்.