பின்னிருக்கையில் ஒரு சாண் இடைவெளி

ஸ்காட்லாந்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஈயன், மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் உடுத்துவதைப் பார்த்தால் மூலவருக்கு அலங்காரம் நடப்பதுபோல் இருக்கும். உடலோடு ஒட்டிய கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மழை புகாத ஜாக்கெட். கையுறைக்குள் கம்பி ஓடுகிறது. பேட்டரியில் செருகினால் விரல்கள் சூடாகும். போன ஐப்பசியில் என்னையும் அப்படியே மூட்டை கட்டிப் பின்னால் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஏன் இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாய், நடுவில் காற்று புகுந்து இரண்டு பேருமே விறைக்கிறோமே என்றார். மரியாதைக்காக என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஏன், என்மேல் நாற்றமா அடிக்கிறது?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஒருவரை அப்படித் தள்ளி உட்கார வைத்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில், விவசாயப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழையில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு எனக்கும் ஒரு அலங்காரம் உண்டு. பனியனுக்கு மேல் செய்தித்தாளை மடித்து வைப்பேன். காற்று நெஞ்சில் ஏறாது. பிறகு ஸ்வெட்டர், காதை மூடி மஃப்ளர், எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால் தாண்டும் ரெயின்கோட். ஒருநாள் காலை, எங்கள் கழனியில் வேலை செய்த ஏழுமலையின் மனைவி கழனிக்கே வந்து நின்றாள். அவருக்குக் கடும் காய்ச்சல். ஏரி வழிந்து பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரியில் விட்டுவிட முடியுமா என்றாள். சரி என்றேன். சேரிக்குப் போய் ஏற்றிக்கொண்டேன். உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, என்மேல் படாமல் கேரியரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பிடிக்கச் சொன்னது நான்தான்.

எங்கள் தெருமுனை வந்ததும் நிறுத்தி, இறங்கச் சொன்னேன். சேரிக்காரர்கள் எங்கள் தெருவில் வண்டிமேல் போவதில்லை. அவர் இறங்கவில்லை.

"ஒடம்பு ஒதறிக்கினு கீது ஆண்டே. இப்டியே குந்திக்கினு போயிரலாமா?"

"அப்பா வாசல்லயே கீறாருடா. வரப்பு மேல சுத்தி வந்துடு."

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரை 'டா' போட்டேன். அப்போது அது காதில் உறுத்தவில்லை. தெருவைக் கடந்து, மறுமுனையில் புளியமரத்தடியில் நனையாமல் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தார். சாக்கு காற்றில் போயிருந்தது, வேட்டியெல்லாம் சேறு. ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொடுத்தால் பிறகு அதை வீட்டில் எப்படி மாட்டுவது என்றும் தோன்றியது. கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை அவருடைய நடுக்கம் இருக்கை வழியாக எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நிமோனியா என்றார்கள். தை பிறந்த பிறகுதான் எழுந்து நடந்தார். அடுத்த மழைக்காலத்தில், உத்திரமேரூர் சாலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவர் நனைந்தபடி போவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். ஏறிக்கொள்ளுங்கள், இந்தத் தடவை தெரு வழியாகவே போகலாம் என்றேன். என் 'ங்கள்' அவருக்குக் கேட்டதா தெரியாது. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வாணாம் ஆண்டே. நடந்தா சூடு புடிச்சிக்கும்."

அதில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். கேட்காமலே விமானம் ஏறினேன். அவர் இறந்துபோன செய்தி இங்கே குடியேறிப் பல வருடம் கழித்துத்தான் வந்தது.

ஈயனிடம் இதையெல்லாம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. நெருங்கி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. அவர் முதுகின் சூடு மெல்ல என் மார்புக்கு ஏறியது. இந்த நாடு எனக்கு ஒட்டி உட்கார இடம் கொடுத்திருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. குளிர் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.