ஜோதிமேரி கட்டிய சாமான் பை

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இன்னாசியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் இன்னாசி என்றால் தொண்டிக் கரை வரைக்கும் பேர். சேற்றில் விட்டான், மணலில் விட்டான், பனங்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு விட்டான் என்று ஒரே அளப்பு. அவன் பெண்டாட்டி ஜோதிமேரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "அது ஒரு வாய்க்காரி" என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். அவள் எனக்குப் பெரியம்மா மகள். அந்த வண்டி ஓடியதே அவளால்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

வண்டி இன்னாசியுடையது இல்லை. திருப்பாலைக்குடியில் கருவாட்டை மூட்டை மூட்டையாக அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்த பாக்கர் முதலாளியுடையது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய பழைய வண்டி, எத்தனையோ கை மாறி அவரிடம் வந்திருந்தது. எந்தக் கரையில் மீன்பாடு நன்றாக இருக்கிறதோ அங்கே மற்ற வியாபாரிகளுக்கு முந்திப் போய் விலை பேசி முடிக்க வேண்டும். இன்னாசிக்கு அதுதான் வேலை. பாதை என்று ஒன்று இருந்தால்தானே? உடைமுள், உப்பளத்துச் சேறு, கண்மாய்க் கரை, சக்கரம் புதையும் மணல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் வண்டியில் போன தூரத்தைவிட வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் அதிகம்.

ஜோதிமேரி அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அவன் வந்து விழும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன போச்சு?" என்று கேட்பாள். வாசலில் அவன் ரிப்பேர் பார்க்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். கடலுக்குப் போகும் வல்லத்தின் பாய்த் துணிக் கிழிசலில் ஒரு பை தைத்தாள். கனமானது அடியில், அடிக்கடி தேவைப்படுவது மேலே. ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் பழைய கைலியில் சுற்றினாள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பார்ப்பாள். கிளட்ச் கேபிள் அறுந்தால் நடுக்காட்டில் புதிதைக் கோர்க்கத் திண்டாடுகிறான் என்று தெரிந்ததும், மாற்றுக் கேபிளைப் பழையதன் ஓரமாகவே வண்டியில் கட்டி வைக்கச் சொன்னதும் அவள்தான். மாற்று ட்யூப் மடிப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர். கார்பரேட்டரில் தூசி அடைத்தால் குத்தி எடுக்கக் கொண்டை ஊசி. பெட்ரோல் தொட்டி கசிந்தால் சவுக்காரத்தைத் தேய்த்து அடைக்கலாம் என்று ஒரு லாரிக்காரர் இன்னாசியிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து ஒரு துண்டுச் சவுக்காரம் இல்லாமல் அவள் பையைக் கட்டியதில்லை.

அதன்பிறகு வண்டி வழியில் படுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். படுக்கும், எழுந்துவிடும். இன்னாசிக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

ஒருநாள் பனங்கட்டையில் மோதி முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டாக ஒடிந்தது. அதற்கு எந்தப் பையிலும் மருந்து கிடையாது. பாக்கர் முதலாளி சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, இன்னொரு தரம் வண்டி வழியில் நின்றால் லாரி கிளீனர் முஹைதீனிடம் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி போனால் இன்னாசி திரும்பவும் தன் அண்ணன் சவேரியாரின் வல்லத்தில் கூலிக்கு ஏற வேண்டும். அண்ணன் கொடுப்பதுதான் பங்கு, வாய் திறக்க முடியாது. அந்தப் பிடியிலிருந்து வெளியே வந்ததைத்தான் ஜோதிமேரி பிழைப்பு என்று நினைத்திருந்தாள்.

ஃபோர்க் ஒடிந்ததற்குச் சவேரியார் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"ஏலே, வலையைப் பொம்பள தாண்டுனா பாடு விழுமா? வல்லத்துல பொம்பளைய ஏற விடுவமா? மோட்டாரும் ஒரு வல்லந்தாம்லே. பொம்பள கை பட்ட பையத் தூக்கிக்கிட்டுப் போனா வெளங்குமா?"

பெண் கை பட்டால் ஆகாதாம்! அந்த வலையை உலர்த்துவது யார்? அந்த மீனைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று வருவது யார்? விற்ற காசை வாங்கி மடியில் வைக்கும்போது மட்டும் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அடுத்த பயணத்துக்குச் சவேரியாரே பை கட்ட வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஜோதிமேரி கட்டி வைத்திருந்ததை அப்படியே தரையில் கவிழ்த்தார். சவுக்காரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"என்னலே இது, வழியில குளிக்கப் போறியா?"

பவுடர் டப்பாவை எடுத்தார். "மினுக்கிக்கிட்டு யாரப் பாக்கப் போற?"

கொண்டை ஊசியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். கூடி நின்ற ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொம்பளைச் சாமானெல்லாம் பொம்பளையிடமே இருக்கட்டும் என்று மூன்றையும் ஓரமாக வீசிவிட்டு, ஒரு சம்மட்டி, வலை அறுக்கும் கத்தி, ஒரு சுருணைக் கயிறு, மேலாக வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றையும் வைத்துக் கட்டினார். மாதாவும் பெண்தானே என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

ஜோதிமேரி புருஷனைப் பார்த்தாள். "இங்கன பாருங்க. அந்தச் சவுக்காரம் எதுக்குன்னு உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க."

இன்னாசி செருப்பு வாரை இழுத்து இழுத்து மாட்டினான். "விடு. அண்ணன் மனசு நோகும்."

தொண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கரையில் நல்ல பாடு என்று தகவல் வந்திருந்தது. போகிற வழியில் கல்லில் இடித்து, பெட்ரோல் தொட்டியின் பழைய ஒட்டு விட்டுவிட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகியதைத் துணியால் அமுக்கிப் பார்த்தான், கையால் பொத்திப் பார்த்தான். உப்பளத்து நடுவில் தொட்டி காலி. மற்ற வியாபாரிகள் முந்திக்கொண்டார்கள். மறுநாள் மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பாக்கர் முதலாளி ஆள் அனுப்பினார். போகுமுன் ஜோதிமேரி அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"நடந்தத அப்படியே சொல்லுங்க. இத்தன வருசமாக் கட்டுனது நான், இந்தத் தடவ கட்டுனது உங்க அண்ணன். இனிமே நானே கட்டுவேன், வண்டி நிக்காதுன்னு சொல்லுங்க. மொதலாளி நல்ல மனுசன், கேப்பாரு."

அவன் தலையாட்டினான். நாங்கள் இருவரும் பின்னாலேயே போய்க் கிட்டங்கி வாசலில் நின்றோம். உள்ளே சவேரியாரும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

"என்னப்பா இன்னாசி, வண்டிய நல்லாத்தான வச்சிருந்த?" என்றார் பாக்கர் முதலாளி. கோபமாகக்கூட இல்லை. "பையில சாமானெல்லாம் யாரு எடுத்து வக்கிறா? சரியாப் பாத்துத்தான் வக்கிறியா?"

இதைவிட ஒரு மனிதன் எப்படிக் கேட்பான்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்கிறார். இன்னாசி அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"நாந்தான் மொதலாளி வப்பேன். எப்பவும் நாந்தான்."

ஜோதிமேரி விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். "பொய் மொதலாளி. எப்பவும் கட்டுனது நான். இந்தத் தடவ என்னக் கட்ட விடல. தொட்டி ஒழுகுனா அடைக்கச் சவுக்காரம் வச்சிருந்தேன், எடுத்துக் கடாசிட்டாக."

பாக்கர் முதலாளி சிரித்துவிட்டார். "யா அல்லாஹ்! சவுக்காரத்துலயாம்மா மோட்டாரு ஓடுது?"

எல்லாரும் சிரித்தார்கள். சவேரியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர்களை விடுங்கள், அவர்களுக்குத் தெரியாது. இன்னாசிக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி அவன் கையில் இருக்கும். ஜோதிமேரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் சிரித்தான். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்தான். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்கு அவனை அறைய வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

வண்டி முஹைதீனுக்குப் போயிற்று. இன்னாசி அண்ணன் வல்லத்துக்குத் திரும்பினான். முதல் நாள் கடலுக்குக் கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் வந்து, கட்டுச்சோறு எங்கே என்று கேட்டான். ஜோதிமேரி அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"உங்க அண்ணங்கிட்டக் கட்டித் தரச் சொல்லுங்க. பொம்பள கை பட்டதத் தூக்கிக்கிட்டுப் போனா வெளங்காது."

அவன் வெறுங்கையோடு கரைக்குப் போனான்.