பாஷா பாய் தடவிப் பார்த்த சீட்டு

ஆம்பூரில் எங்கள் டேனரியின் செலக்‌ஷன் மேசை அஹமது பாஷாவுடையது. பதனிட்ட ஆட்டுத்தோலை விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் தடவுவார். எங்கே முள் கிழித்தது, எங்கே உண்ணி கடித்தது என்று விரலே சொல்லிவிடும். அவர் தரம் பிரித்துப் போட்டதை முதலாளிகூட மாற்றியதில்லை. அந்த விரல்தான் அவரைக் கெடுத்தது என்பேன். பக்கத்து மேசையில் பதினேழு வருஷம் நின்றவன் நான், சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவர் மனைவி சுகரா பேகத்துக்கு இதயக் கோளாறு. மாதம் ஒரு தடவை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு நாள், நெரிசலில் நின்றபடி பஸ்ஸில் போன அந்த அம்மாள் பள்ளிகொண்டா பக்கம் மயங்கி விழுந்துவிட்டார். புர்கா விலகிக் கிடந்தவரை பஸ்ஸே எழுந்து வேடிக்கை பார்த்தது. இனி அவளை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று பாய் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். டேனரி லாரி டிரைவரிடம் வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

குடியாத்தத்தில் ஒரு வக்கீல் வீட்டு ஷெட்டிலிருந்த பழைய சீமைக் கார் விலைக்கு வந்தது. பார்ப்பதற்கு என்னையும் மெக்கானிக் செங்கல்வராயனையும் கூட்டிப் போனார். செங்கல்வராயன் பானெட்டைத் திறந்தான். பாய் பின்கதவைத் திறந்து சீட்டைத் தடவினார். ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை.

“தோலையே இப்டி வச்சிருக்காரு, இஞ்சினைக் கெடுத்திருப்பாரா?” என்றார்.

“பாய், சீட்டு தேயலன்னா வண்டி ஓடலன்னு அர்த்தம்” என்றான் செங்கல்வராயன். “நின்ன வண்டி. உள்ள துரு புடிச்சிருக்கும். கழட்டிப் பார்த்துட்டு வாங்கலாம்.”

பாய் கேட்கவில்லை. சுகரா பேகத்தின் வளையல்கள் போய், கார் வந்தது.

முதல் இரண்டு மாதம் பாய்க்கு நவாப் வாழ்க்கைதான். அந்த அம்மாள் பின்சீட்டில் சாய்ந்தபடி வேலூர் போய் வந்தார். அப்புறம் ரேடியேட்டர் ஒழுகியது. பேட்டரி செத்தது. மூன்று மாதத்துக்கொரு தரம் வேலூரில் கட்ட வேண்டிய வரி, வருஷத்துக்கொரு தரம் இன்சூரன்ஸ். ஓடினால் பெட்ரோல், ஓடாமல் நின்றால் டயரில் வெடிப்பு. இஞ்சின் ஆயிலை மோர் மாதிரி குடித்தது. சம்பளத்தன்று பாய் நேரே செங்கல்வராயன் பட்டறைக்குத்தான் போவார்.

“வித்துத் தொலைங்க பாய்” என்றேன்.

“இவ்ளோ போட்டாச்சு தோஸ்த். இஞ்சின்ல ரிங்கு மட்டும் மாத்திட்டா ஓடும்.”

ரிங்குக்குப் பிறகு கிளட்ச் போனது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நான் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து சுகரா பேகம் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “மாத்திரை மிச்சம் இருக்கு. இந்த மாசம் வேலூர் வேணாம். மொதல்ல வண்டிக்கு டயர் போடுங்க.”

குரல் தெளிவாகத்தான் இருந்தது. பாய் அந்த மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்திருக்கலாம். தினம் ஆயிரம் தோலைத் தடவுகிற மனிதர், அதைத் தொடவில்லை. நம்பிவிடுவது அவருக்கு வசதியாக இருந்தது. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அந்த அம்மாள் அதையே சொன்னாராம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை பாய் ஆள் அனுப்பினார். ஓடினேன். சுகரா பேகத்துக்கு மூச்சு விட முடியவில்லை. கார் தயாராக இருந்தது. புது டயர், புது பேட்டரி, வரியும் கட்டியாயிற்று. ஒரே திருப்பில் கிளம்பி, அவ்வளவு மழையிலும் எங்கேயும் நிற்காமல் ஒரு மணி நேரத்தில் வேலூர் சேர்ந்தது.

“பார்த்தியா தோஸ்த், நம்ம வண்டிய” என்றார் வழியில். பின்சீட்டில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா வீங்கிய பாதத்தை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே இருந்தது.

“மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க? மூணு மாசமா ஏன் கூட்டிட்டு வரல?”

பாய் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கார் ரிப்பேருங்க” என்றார் பாய்.

“ஏன், பஸ் ஓடலயா?”

மூன்றாம் நாள் உயிர் போன சுகரா பேகத்தை அதே பின்சீட்டில் கிடத்தி ஆம்பூருக்குக் கொண்டுவந்தோம். அன்றும் வண்டி நிற்காமல்தான் ஓடியது. அந்த வண்டியைக் கொளுத்திவிடலாம் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்த பின் செங்கல்வராயன் காரை வாங்க ஒரு ஆளைக் கூட்டி வந்தான். வந்தவரும் தோல் தொழில்காரர்தான். நேரே பின்கதவைத் திறந்து சீட்டைத் தடவினார்.

“ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க பாய்.”

“கையை எடுங்க” என்றார் பாஷா பாய். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

கார் விற்கவில்லை. அதற்கப்புறம் அவர் அதை ஓட்டவும் இல்லை. ஆனால் வரி மட்டும் கட்டுவார். மூன்று மாதத்துக்கொரு தடவை டேனரிக்கு லீவு போட்டுவிட்டு, அந்த வரியைக் கட்ட வேலூருக்கு பஸ்ஸில் போவார். உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவார்.