புதுசுக்கு ஒரு அறை

தையல் மெஷினின் கொக்கி நூலைப் பிடிக்காமல் தையல் விட்டு விட்டு விழுந்தது. அம்மா டார்ச் பிடித்தாள். இன்ஜினியரிங் படித்த மகள் மெஷினைச் சாய்த்துத் திருகைத் தளர்த்தினாள்.

“காலேஜுக்கு அனுப்பினது வீண் போகல.”

“டார்ச்சை ஆட்டாதே.”

“சனிக்கிழமை ஒரு வீட்டுக்காரரைப் பார்க்கணும்டி. நம்ம கடைப் புதுசை இப்ப இருக்கற வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. யாரோ வத்தி வச்சிருக்காங்க.”

“இது எத்தனாவது வீடு?”

“நாலாவது. அஞ்சாவதையும் பார்த்துடலாம்.”

தையல் சீராக ஓடியது. அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அம்மாவின் இதயம் நின்றது. அதைச் சரிசெய்ய மகளுக்குத் தெரியவில்லை.

நாலு மெஷின் போட்ட தையல் கடை அம்மாவுடையது. தெருவுக்கு அவள் டெய்லரம்மா. புதுசு, ஆறு வருடங்களுக்கு முன் சிறையிலிருந்து நேராக வேலை கேட்டு வந்தவள். கடையில் பழகிப் பழசான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. வந்த அன்று அம்மா ஒரு துணியைக் கொடுத்து வெட்டச் சொன்னாள். கோடு பிசகவில்லை. அன்றே கட்டிங் மேசை அவளுக்கு.

காஜா எடுக்கும் காஜாக்கா கொதித்தாள். “ஜெயிலுக்குப் போனவ கையில அவ்வளவு பெரிய கத்தரியா? நல்லாருக்கு கூத்து!”

“உன் நாக்கைவிடவா அது கூரு? உன்னையே பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே!” என்றாள் அம்மா.

கடை சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. வேலையை விட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். வாடிக்கையும் கொஞ்சம் பின்னாலேயே போயிற்று. அம்மா மசியவில்லை.

மகளும் இதற்கு விதிவிலக்கல்ல. முதல்முறை புதுசைப் பார்த்ததும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அம்மா கண்டும் காணாதவள் போல, “புதுசு, இவளுக்குச் சட்டைக்கு அளவெடு” என்றாள். நாடா கழுத்தைச் சுற்றியது. நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்து, “இறுக்குதாம்மா?” என்று கேட்டாள் புதுசு. பதில் வருமுன்னே விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பயந்துபோயிருப்பது யார் என்று மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“என்ன கேஸ்னு நீ கேக்கவே இல்லையாம்மா?” என்று வீட்டுக்கு வந்ததும் விசாரித்தாள்.

“கேட்டா நான் நீதிபதியா மாறணும். தீர்ப்பு ஒருத்தர் சொல்லியாச்சு, அவளும் அனுபவிச்சு முடிச்சாச்சு. நமக்குச் சட்டை தைக்கிற வேலை.”

அம்மா போன மறுவாரம் மகள் கடையைத் திறந்தாள். புதுசு ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

“டெய்லரம்மா நேர்ல வந்து சொன்னாத்தான் ரூம்னு அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தாரு. பரவாயில்லம்மா. நான் வேற ஊர் பார்த்துக்கறேன்.”

“மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. எந்த வீடுன்னு சொல்லுங்கக்கா.”

காஜாக்கா செருப்பை மாட்டினாள். “நானும் வரேன். ஆறு வருஷமா இவகூட சண்டை போடறேன். இவளைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?”

புதுசு தெருவிலேயே நிற்க, மற்ற இருவருக்கும் வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். “டெய்லரம்மா சனிக்கிழமை வரேன்னாங்க. வரலையே?”

“இனிமே அவங்களால வர முடியாது. நான் அவங்க பொண்ணு.”

அவர் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போனவளாமே?” என்றார்.

“ஆமாங்க, போனவங்கதான். ஆறு வருஷமா எங்க கடையில கட்டிங் பண்றாங்க. உள்ள வந்து பேசலாமா?”