கறள் என்று மட்டும் சொன்ன அப்பா

எங்கள் அப்பாவின் பொறுமையையும் நேர்மையையும் பற்றி உறவினர் பலர் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவர் யாரையும் எளிதில் நம்பாதவர் என்பதையும் ஒருவர் எழுதத்தான் வேண்டும். மூத்த மகள் என்ற உரிமையில் அதை நான் எழுதுகிறேன்.

அப்பா மூதூரில் பிறந்தவர். இளவயதிலேயே தந்தையை இழந்ததால் படிப்பை விட்டு, துறைமுகப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வாகனங்களின் தகடு தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை மணந்தபின் ஓர்ஸ் ஹில்லில் சொந்தமாகக் கராஜ் போட்டார். கலவரத்தில் அது எரிந்தது. எரித்தவர்களுக்குள் தன்னிடம் கார் திருத்தக் கொடுத்த ஒருவரும் நின்றதாக அம்மாவிடம் சொன்னாராம். பாலையூற்றில் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு மீண்டும் தொழில் தொடங்கியபோது, புதிதாக வருபவரின் ஊரையும் உறவையும் விசாரித்த பிறகே வாகனத்தைப் பார்ப்பார்.

யுத்தம் மும்முரமாயிருந்த காலம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து நியமனத்துக்காகக் காத்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை ஓட்டிவந்தார். அதன் இடப்பக்க முன்கதவு சரியாகப் பொருந்தவில்லை. இடைவெளியில் மேலே விரல் நுழையும். கீழே நகம் நுழையாது.

“கதவை நேராக்கி, முழுக்கத் தேய்ச்சுப் பெயின்ற் அடிச்சுத் தாங்கோ, பாஸ்.”

“ஐயா எந்த ஊர்?”

“மூதூர்.”

“மூதூரில எவடம்?”

“சந்தைப் பக்கம்தான்” என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்குச் சந்தைப் பக்கத்தில் தெரியாத வீடில்லை. இந்த முகத்தை அங்கே அவர் கண்டதேயில்லை.

வந்தவர் காரை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்திலேயே இருந்தார். “உள்பலகையை மட்டும் கழட்டவேண்டாம், பாஸ். அது நல்லாத்தான் கிடக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா குசினிக்குள் அப்பாவைக் கூப்பிட்டார். “கதவுக்குள்ள என்னத்தையோ வைச்சிருக்கிறான். ஆமிச் சென்றியில மறிச்சுப் பிடிச்சால் உங்களைத்தான் கொண்டுபோவாங்கள். முதலே அவங்களிட்டப் போய்ச் சொல்லிவிடுங்கோ.”

“சொன்னால் அந்த மனுசனைக் கொண்டுபோயிடுவாங்கள். பிறகு ஆர் திருப்பித் தாறது? பொறும், பாப்பம்” என்றார் அப்பா.

பிணைச்சல்களைத் தளர்த்தி, கதவைத் தூக்கிப் பிடித்து, திரும்பத் திரும்ப மூடிப் பார்த்து, இடைவெளியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு மரக்கட்டையில் சாண்ட்பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். பழைய பெயின்ற் கரைய, அடியில் பட்டி பூசி மறைத்த வட்டங்கள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஒரே வரிசையில் இருந்தன. அப்பா தேய்ப்பதை நிறுத்தினார்.

“ஐயா, இது வெடி பட்ட ஓட்டை. நீங்கள் மூதூரும் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டிக் காரை எடுத்துக்கொண்டு போங்கோ.”

அவர் எழுந்து கதவருகே வந்தார். “மனிசி இந்தப் பக்கம் இருந்தவ. றோட்டில வரேக்க சுட்டது. ஆர் சுட்டது எண்டு தெரியாது. ஆரெண்டு சொன்னாலும் மற்றப் பக்கம் எங்களைத் தேடி வரும். அவவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோற ஒவ்வொரு முறையும், பட்டி பூசி மறைச்சும், சென்றியில கதவைத்தான் பாக்கிறாங்கள். இஞ்சயும் நேவிக்காரர் ஜீப் திருத்த வாறவை எண்டு கேள்விப்பட்டனான். அதாலதான் பொய் சொன்னனான்.”

அதையும் அப்பா நம்பவில்லை. “அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.

மறுநாள் அந்த அம்மையார் ஓட்டோவில் வந்தார். இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். காரைக் கண்டதும் நின்றுவிட்டார், கிட்ட வரவில்லை. அப்பா அதைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய்க் கதிரை எடுத்துவந்து போட்டார்.

உள்பலகையைக் கழற்றி, ஓட்டைகளை ஒட்டி, திரும்பத் தேய்த்து, கண்ணை மூடிக் கையால் தடவிப் பார்த்துத் திருப்தியானபிறகே பெயின்ற் அடித்தார். கார் போய்விட்டது.

சில நாட்களில் சிவில் உடையில் இருவர் வந்தார்கள். “பழைய கார் ஒண்டின்ர கதவில என்னத்தை மறைச்சனீர்?”

“கறள், சேர். கடல் காத்துக்கு இரும்பு கறள் பிடிக்கும்தானே.”

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, கடைசிவரை அப்படித்தான். அம்மா அழுதழுது கேட்டதற்கு, “கறள் எண்டுதான் சொன்னனான். வேறொண்டும் சொல்லேல்லை” என்றார்.

யார் போய்ச் சொன்னது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா முன்வீட்டாரைச் சந்தேகித்துப் பல வருடங்கள் அவர்களோடு கதைக்கவில்லை. எனக்கோ எங்கள் கொட்டிலில் தேநீர் குடித்துப்போன எல்லோர்மீதும் ஐயம் இருந்தது. எவரையும் சந்தேகிக்கும் அப்பா மட்டும், “கண்ணால காணாமல் ஆரையும் சொல்லாதையும்” என்று அம்மாவைத் தடுத்துவிடுவார்.

சென்ற ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவரைத் தன் வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவர் முன்வீட்டு அண்ணன்தான். அம்மாவும் அதே வானில் ஏறினார். அந்த அண்ணனுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினருக்கும், மூதூரிலிருந்து வந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று போய்ச் சொன்னவரின் கையிலும் இம்மலர் இருக்கக்கூடும். அவருக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். யாரைக் கண்டாலும் விசாரிக்கும் எங்கள் அப்பா, உங்களை மட்டும் ஒருநாளும் விசாரிக்கவில்லை.